பந்துக்குள் இருக்கும் பொறியியல்: நீலகிரிப் பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி

“அண்ணா, பேட் டிசைன் பண்ற வேலைக்கு எந்த கோர்ஸ் சேரணும்?”

குன்னூர் பேருந்து நிலையத்தில் கோத்தகிரி வண்டிக்காக நின்றுகொண்டிருந்தபோது ஒரு பிளஸ் டூ பையன் கேட்டான். நான் என்ன வேலை பார்த்தேன் என்று அவனிடம் யாரோ சொல்லியிருக்கிறார்கள். கையில் விளிம்பு முழுக்க டேப் சுற்றிய பேட். “அந்தப் பேர்ல கோர்ஸ் தேடாதப்பா, மெக்கானிக்கல் சேரு” என்றேன். பையன் முகம் சுருங்கிவிட்டது. அதற்குள் வண்டி வந்துவிட்டதால் மீதியைச் சொல்ல வாய்க்கவில்லை. அந்த மீதிதான் இது.

நான் ஒன்பது ஆண்டுகள் கால் காப்பு, தொடை காப்பு, ஹெல்மெட் செய்யும் ஒரு நிறுவனத்தில் இருந்தேன். அதில் முதல் நான்கு ஆண்டுகள் சோதனைப் பிரிவு. வடிவமைப்பு மேசை அப்புறம்தான் கிடைத்தது. இந்தத் துறைக்கு வர நினைப்பவர்கள் இந்த வரிசையை முதலிலேயே தெரிந்துகொண்டால் பின்னால் மனம் நோகாது. வாசல் பெரும்பாலும் சோதனைப் பிரிவிலோ தரக்கட்டுப்பாட்டிலோதான் இருக்கிறது. அங்கே ஒரே தொடை காப்பை ஒரே இடத்தில் நூறு முறை அடித்து, ஒவ்வொரு அடிக்கும் ஓர் எண் எழுதுவீர்கள். கணினித் திரையில் ஷூவைச் சுழற்றிப் பார்க்கும் காட்சி விளம்பரத்தில் வருவது.

முதலில் விதிப்புத்தகம்

சாவிக்கொத்து செய்பவர் எந்த வடிவத்திலும் செய்யலாம். கிரிக்கெட் பேட் செய்பவருக்கு வேலி இருக்கிறது. நீளம் 96.52 செ.மீ.க்கு மேல் போகக்கூடாது, அகலம் 10.8 செ.மீ., தடிமன் 6.7 செ.மீ., விளிம்பு 4 செ.மீ. இதில் தடிமனுக்கும் விளிம்புக்கும் வரம்பு வந்ததே 2017இல்தான். பேட்டுகள் வருடத்துக்கு வருடம் கொழுத்துக்கொண்டே போனதால் போட்ட கட்டுப்பாடு. அதற்கு முன்பு 1979இல் பெர்த் டெஸ்டில் டென்னிஸ் லில்லி அலுமினிய பேட்டோடு இறங்கி, பெரிய ரகளையானது. பேட்டில் பந்தை அடிக்கும் பகுதி மரத்தால்தான் இருக்க வேண்டும் என்று விதி வந்தது அதன் பிறகுதான்.

எனக்கு இதைவிடப் பிடித்தது ஈட்டியின் கதை. 1984இல் கிழக்கு ஜெர்மனியின் உவே ஹோன் 104.80 மீட்டர் எறிந்தார். இப்படியே போனால் மைதானம் பத்தாது. தவிர, ஈட்டி தட்டையாக வந்து விழுவதால் முனை குத்தியதா இல்லையா என்ற சண்டை வேறு. எறிபவர்களிடம் குறைத்து எறியச் சொல்ல முடியுமா? 1986இல் ஆண்கள் ஈட்டியின் ஈர்ப்பு மையத்தை 4 செ.மீ. முன்னால் தள்ளினார்கள். எடை அதே 800 கிராம். ஆனால் மூக்கு சீக்கிரம் கீழே சாய்ந்தது, தூரம் குறைந்தது, முனையும் ஒழுங்காகக் குத்தியது. நான்கு சென்டிமீட்டரில் ஒரு விளையாட்டையே மாற்றினார்கள் பாருங்கள், இந்த வேலையின் சாரம் அதுதான்.

ஆகவே முதல் வேலையாக, உங்களுக்குப் பிடித்த ஒரே ஒரு விளையாட்டை எடுத்து, அதன் விதிகளில் கருவியைப் பற்றிய பக்கங்களை மட்டும் படியுங்கள். உலகக் கூட்டமைப்புகளின் தளங்களில் இலவசமாகவே கிடைக்கும். ஒவ்வொரு எண்ணுக்கும் பக்கத்தில் ‘ஏன்?’ என்று எழுதி வையுங்கள். பாதிக்கு விடை தெரியாது. பரவாயில்லை, அந்தப் பாதிதான் உங்கள் பாடத்திட்டம். (விதி விஷயத்தில் நம் ஊருக்கும் ஒரு பங்கு உண்டு. ஸ்நூக்கர் விதிகள் எழுதி ஒட்டப்பட்டது 1882இல் ஊட்டி கிளப்பில் என்பார்கள்.)

மலைதான் ஆய்வகம்

கோயம்புத்தூரில் வாங்கிய சிப்ஸ் பாக்கெட் ஊட்டி வந்து சேர்வதற்குள் பலூன் மாதிரி உப்பிவிடும். எல்லோரும் பார்த்திருப்போம். அதே சங்கதி பந்துக்குள்ளும் நடக்கிறது. சமவெளிப் பிள்ளைகளுக்குக் கிடைக்காத வசதி இது, விட்டுவிடாதீர்கள்.

ஒரு கால்பந்தை எடுத்துக்கொள்வோம். மலை ரயில் பாதையின் கணக்கில் மேட்டுப்பாளையம் 326 மீட்டர் உயரத்தில் இருக்கிறது, ஊட்டி 2,203 மீட்டரில். மேட்டுப்பாளையத்தில் அழுத்த அளவி 0.6 பார் (bar, அழுத்தத்தின் அலகு) காட்டும்வரை காற்றடிக்கிறீர்கள். அந்த அளவி காட்டுவது வெளிக்காற்றைவிட உள்ளே எவ்வளவு அதிகம் என்பதை மட்டும்தான். ஊட்டியில் வெளிக்காற்றின் அழுத்தம் சுமார் 0.2 பார் குறைவு. அப்படியானால் அளவி 0.8 காட்ட வேண்டும். கொண்டுபோய்ப் பார்த்தால் அவ்வளவு காட்டாது, 0.7 பக்கம்தான் நிற்கும். மீதி எங்கே போனது? கீழே 33 டிகிரி, மேலே 15 டிகிரி. குளிரில் உள்ளிருக்கும் காற்று சுருங்கிப் பாதியை விழுங்கிவிட்டது. பிளஸ் ஒன் வேதியியலில் மனப்பாடம் செய்த வாயு விதி, ஒரு பந்தையும் பேருந்துச் சீட்டையும் வைத்துக்கொண்டு முழுசாகப் புரிந்துவிடும். விதிப்படி கால்பந்தில் 0.6 முதல் 1.1 வரை இருக்கலாம். கீழே 1.1 வரை அடித்துக் கொண்டுவந்த பந்து மேலே வரம்பைத் தாண்டிவிடும்.

டென்னிஸ்காரர்கள் இதை விதியாகவே எழுதிவிட்டார்கள். 254 செ.மீ. உயரத்திலிருந்து போட்டால் பந்து 135 முதல் 147 செ.மீ. வரை எழும்ப வேண்டும் என்பது பொது விதி. 1,219 மீட்டருக்கு மேல் இருக்கும் ஊர்களுக்குத் தனி ஏற்பாடு. ஒன்று, குறைவாக எழும்பும் பந்து. இல்லையென்றால் உள்ளழுத்தமும் வெளியழுத்தமும் ஏறக்குறைய சமமாக உள்ள பந்து, அதையும் அதே உயரத்தில் 60 நாள் வைத்திருந்துதான் ஆட்டத்துக்கு எடுக்க வேண்டும். குன்னூர், கோத்தகிரி, ஊட்டி மூன்றுமே அந்தக் கோட்டுக்கு மேலே. உங்கள் ஊர்க் கடையில் விற்பது எந்தப் பந்து என்று போய்ப் பாருங்கள். ஊட்டியில் காற்றின் அடர்த்தியும் கடல் மட்டத்தைவிட ஏறக்குறைய ஐந்தில் ஒரு பங்கு குறைவு. பந்தைத் தடுத்து நிறுத்தும் காற்றும் அந்த அளவு மெலிந்துதான் இருக்கிறது.

பந்து எவ்வளவு எழும்புகிறது என்று கண்ணால் பார்த்து அளந்தால் தப்பாகத்தான் வரும். நான் சொல்லும் வழியில் செய்யுங்கள். கைப்பேசியில் ஒலிப்பதிவைப் போட்டுவிட்டு, 254 செ.மீ. உயரத்திலிருந்து சிமென்ட் தரையில் பந்தைப் போடுங்கள். முதல் ‘டொக்’குக்கும் இரண்டாம் ‘டொக்’குக்கும் இடையிலான நேரத்தை ஆடாசிட்டி மாதிரி ஓர் இலவச மென்பொருளில் அளங்கள். அந்த நேரத்தை அதாலேயே பெருக்கி, 9.8ஆல் பெருக்கி, 8ஆல் வகுத்தால் எழும்பிய உயரம் மீட்டரில் வரும். விதிக்குள் இருக்கும் பந்துக்கு 1.05 முதல் 1.10 வினாடி வரை காட்டும். பத்து முறை செய்து சராசரி எடுங்கள். பத்து எண்களும் ஒன்றாக வந்தால் சந்தேகப்படுங்கள், எங்கோ ஏமாற்றியிருக்கிறீர்கள்.

அடுத்தது சைக்கிள். ஊட்டியிலிருந்து மேட்டுப்பாளையம்வரை உயர வித்தியாசம் 1,877 மீட்டர். ஆளும் சைக்கிளும் சேர்ந்து 80 கிலோ என்றால், இறங்கும்போது வெளிவரும் ஆற்றல் கிட்டத்தட்ட 15 லட்சம் ஜூல். நான்கு லிட்டர் பச்சைத் தண்ணீரைக் கொதிக்க வைக்கப் போதும். ஒரு பங்கைக் காற்று வாங்கிக்கொள்ளும், மீதி முழுக்கப் பிரேக் கட்டையிலும் சக்கர விளிம்பிலும் சூடாக இறங்குகிறது. கொண்டை ஊசி வளைவுகளில் விட்டுவிட்டுப் பிடிப்பதற்கும் அழுத்திக்கொண்டே வருவதற்கும் சூட்டில் என்ன வித்தியாசம் என்று யோசியுங்கள். கோவையிலிருந்து வண்டி ஏற்றிவந்து சோதிக்க வேண்டிய விஷயம் உங்கள் வாசலிலேயே இருக்கிறது. ஆனால் பிரேக் சோதனையைப் போக்குவரத்துள்ள மலைப்பாதையில் வைத்துக்கொள்ளாதீர்கள். சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையால் சுற்றியும் சூட்டை அளக்கலாம்.

மழைக்காலத்தில் ஒன்று. ஃபிஃபாவின் தரச்சோதனையில் பந்தைத் தண்ணீரில் 250 முறை அழுத்திப் புரட்டி, எவ்வளவு தண்ணீர் குடித்தது என்று எடை பார்ப்பார்கள். வடிவம் கெடுகிறதா என்று பார்க்க இரும்புத் தகட்டின் மேல் 2,000 முறை மணிக்கு 50 கி.மீ. வேகத்தில் அடிப்பார்கள். இரண்டாவது நம்மால் முடியாது. முதலாவதற்கு ஒரு குளியல் தொட்டியும் சமையலறைத் தராசும் போதும். அம்மாவிடம் கேட்டுக்கொண்டு எடுங்கள்.

எந்தப் படிப்பு

இங்கேதான் நிறையப் பேர் குழம்புகிறார்கள். பெயரில் ‘ஸ்போர்ட்ஸ்’ என்று இருந்தால்தான் உள்ளே விடுவார்கள் என்று நினைக்க வேண்டாம். எங்கள் நிறுவனத்தில் மெக்கானிக்கல் படித்தவர்கள்தான் அதிகம். அடுத்து நெசவுத் தொழில்நுட்பம், அப்புறம் பாலிமர். உயிர்மருத்துவப் பொறியியல் படித்த ஒரு அக்கா இருந்தார், எலும்பு எந்த அடியில் முறியும் என்று எங்களுக்குப் பாடம் எடுத்தவர் அவர்தான்.

கருவியைப் பார்த்துப் படிப்பை முடிவு செய்யுங்கள். பந்து, ஷூவின் அடிப்பகுதி, கைப்பிடி உறை இவற்றில் ஆசை என்றால் ரப்பர், பிளாஸ்டிக் பக்கம். அண்ணா பல்கலைக்கழகத்தின் குரோம்பேட்டை எம்.ஐ.டி. வளாகத்தில் ரப்பர் மற்றும் பிளாஸ்டிக் தொழில்நுட்பம் தனிப் பிரிவாகவே இருக்கிறது. கிண்டியில் சிப்பெட் என்ற மத்திய பிளாஸ்டிக் தொழில்நுட்ப நிறுவனம் இருக்கிறது. ஜெர்சி, வியர்வை உறிஞ்சும் துணி என்றால் நெசவுத் தொழில்நுட்பம். அதற்குக் கோவையைவிட நல்ல ஊர் நமக்குப் பக்கத்தில் கிடையாது, சிட்ரா என்ற ஜவுளி ஆராய்ச்சி நிலையமும் அங்கேதான். காலணி என்றால் சென்னையில் சி.எல்.ஆர்.ஐ. என்ற தோல் ஆராய்ச்சி நிலையமும், எஃப்.டி.டி.ஐ. என்ற காலணி வடிவமைப்பு நிறுவனத்தின் வளாகமும் இருக்கின்றன. டென்னிஸ் ராக்கெட், சைக்கிள், ஹெல்மெட் என்றால் மெக்கானிக்கல் அல்லது உற்பத்திப் பொறியியல். எதிலும் தெளிவில்லை என்றால் மெக்கானிக்கல். அந்தப் பையனிடம் சொன்னதும் இதனால்தான். பிற்பாடு எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பலாம்.

பிளஸ் டூ மதிப்பெண் குறைந்துவிட்டதா? ஊட்டியில் அரசு பாலிடெக்னிக் இருக்கிறது. டிப்ளமோ முடித்தால் பி.இ. இரண்டாம் ஆண்டில் நேரடியாகச் சேரலாம். சோதனைக்கூடத்தில் என்னோடு வேலை பார்த்தவர்களில் கைவேலை சுத்தமாக இருந்தது டிப்ளமோக்காரர்களுக்குத்தான். லேத்தைப் பார்த்துப் பயப்படாதவர்கள்.

டிகிரிக்குப் பிறகு வடிவமைப்பில் மேற்படிப்பு வேண்டும் என்றால் சீட் (CEED) என்ற நுழைவுத்தேர்வு எழுதி ஐ.ஐ.டி.களில் எம்.டெஸ். சேரலாம். விளையாட்டுப் பொறியியலை அதே பெயரில் படிக்க விரும்புபவர்கள் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் ஹாலம், லஃப்பரோ பல்கலைக்கழகங்களைப் பார்ப்பார்கள். செலவு அதிகம். இரண்டு வருடம் வேலை பார்த்துவிட்டு, எந்தக் கேள்விக்கு விடை தேடிப் போகிறோம் என்று தெரிந்தபிறகு போங்கள். கடன் வாங்கிக்கொண்டு கேள்வி இல்லாமல் போகாதீர்கள்.

கை வேலை

கணினியில் வடிவம் வரையும் சாலிட்வொர்க்ஸ் மென்பொருளைக் கல்லூரியில் சொல்லித்தருவார்கள். வீட்டுக் கணினியில் ஃப்ரீகேட் இலவசம். அதைப் பற்றி இதற்கு மேல் சொல்ல ஒன்றுமில்லை, உட்கார்ந்து பழகினால் வந்துவிடும்.

வராமல் போவது வேறு. தையல் மெஷினில் இரண்டு அடுக்கு ஃபோமைத் தைக்கத் தெரிய வேண்டும். வெர்னியரை மூன்று பேர் பிடித்தால் மூன்று எண் வருவது ஏன் என்று தெரிய வேண்டும். மோல்டுக்குள் ஊற்றியது ஏன் ஒட்டிக்கொள்கிறது, ஓரத்தில் ஏன் பிசிறு வருகிறது என்று கையில் எடுத்துப் பார்த்திருக்க வேண்டும். இதெல்லாம் மலைக்கு அந்நியமான விஷயமில்லை. அருவங்காட்டில் நூறாண்டைத் தாண்டிய வெடிமருந்துத் தொழிற்சாலை இருக்கிறது. எல்லநள்ளியில் 1949இலிருந்து ஊசித் தொழிற்சாலை இருக்கிறது. ஊசி என்றால் சாதாரணமா? கண்ணுக்குத் தெரியாத அளவு வித்தியாசம் வந்தாலும் நூல் அறுந்துவிடும். அங்கே வேலை பார்த்து ஓய்வு பெற்ற தாத்தாக்கள் உங்கள் ஹட்டியிலேயே இருப்பார்கள். ஒரு டீ வாங்கிக் கொடுத்து ‘டாலரன்ஸ்’ என்றால் என்ன என்று கேளுங்கள். கல்லூரியில் ஒரு செமஸ்டர் எடுப்பதை அரை மணி நேரத்தில் சொல்லிவிடுவார்கள்.

நான் கோட்டை விட்ட இடம்

ஹெல்மெட்டுக்கு வருவோம். சைக்கிள் ஹெல்மெட்டுக்கான ஐரோப்பியத் தரம் இ.என். 1078. தலை மாதிரிக்கு ஹெல்மெட்டை மாட்டி, வினாடிக்கு 5.42 மீட்டர் வேகத்தில் தட்டையான இரும்பில் மோதவிடுவார்கள். தலைக்குள் வைத்த உணரி, புவியீர்ப்பைப்போல் 250 மடங்குக்கு மேல் காட்டக்கூடாது. கணக்குப் போட்டால், சீராக நிறுத்த முடிந்தால் 6 மி.மீ. தூரமே போதும் என்று வரும். பிறகு ஏன் ஹெல்மெட்டில் இரண்டு சென்டிமீட்டருக்கு மேல் தெர்மோகோல் வைக்கிறார்கள்? ஃபோம் எதுவும் சீராக நிறுத்தாது. முதலில் மெதுவாக அமுங்கும், கடைசியில் நசுங்கிக் கல்லாகிவிடும். முழுத் தடிமனும் பயன்படாது. ஆறு மில்லிமீட்டருக்கும் இரண்டு சென்டிமீட்டருக்கும் நடுவே உள்ள அந்த இடைவெளியைக் குறைப்பதற்குத்தான் எங்களுக்குச் சம்பளம்.

அதே தரத்தில் இன்னொன்றும் உண்டு. ஹெல்மெட்டை 50 டிகிரிச் சூட்டில் வைத்து ஒருமுறை, மைனஸ் 20 டிகிரியில் வைத்து ஒருமுறை அடிக்க வேண்டும். ஹெல்மெட் பிரிவுக்காரர்கள் அதை ஒழுங்காகச் செய்தார்கள். நான் அப்போது தொடை காப்பில் இருந்தேன். எங்களுக்கு அப்படி ஒரு கட்டாயம் இல்லை. சமவெளியின் வெக்கையில், 32 டிகிரி இருக்கும் அறையில் சாம்பிளை அடித்தேன். எண்கள் அருமையாக வந்தன, கையெழுத்துப் போட்டேன். சரக்கு ஒரு குளிர் நாட்டுக்குப் போனது. மூன்று வாரத்தில் புகார்: ‘அட்டை மாதிரி விறைத்துக்கொள்கிறது, ஓட முடியவில்லை.’ காப்புக்குள் இருந்த இ.வி.ஏ. என்ற பிளாஸ்டிக் ஃபோம் குளிரில் இறுகும். புத்தகத்தில் இருக்கிறது, எனக்கும் தெரியும். டிசம்பர் காலையில் உறைபனியில் ரப்பர் செருப்பு கட்டையாகிக் கிடப்பதைப் பார்த்து வளர்ந்தவன் நான். அந்த ஞாபகம் சோதனைக்கூடத்தில் ஒரு தடவைகூட வரவில்லை. அதற்குப் பிறகு என் சோதனைத் தாளில் முதல் கட்டம் வெப்பநிலைக்குத்தான். உங்கள் நோட்டிலும் அப்படியே போடுங்கள்.

காட்டுவதற்கு ஒன்று

நேர்காணலுக்கு வருபவர்கள் பத்துப் படங்கள் கொண்டுவருவார்கள். எல்லாம் பளபளப்பாக இருக்கும், எதையும் செய்து பார்த்திருக்க மாட்டார்கள். நீங்கள் ஒரே ஒரு பொருளைக் கொண்டு போங்கள். உடைந்ததாக இருந்தால் இன்னும் நல்லது, ஏன் உடைந்தது என்று பேச ஆரம்பித்தாலே அரை மணி நேரம் ஓடிவிடும்.

எதைச் செய்வது என்று கேட்பவர்களுக்கு ஒரு யோசனை. உங்கள் பள்ளி மைதானத்திலோ ஹட்டி மைதானத்திலோ உருளும் ஐந்து பந்துகளுக்கு எண் போடுங்கள். வாரம் ஒருமுறை எடை, சுற்றளவு, அழுத்தம், எழும்பும் உயரம் நான்கையும் குறியுங்கள். எந்தப் பந்து எந்த வாரம் தையல் விட்டது, எது தேயிலைச் செடிக்குள் காணாமல் போனது என்பதுவரை எழுதுங்கள். ஆறு மாதத்தில் கையில் ஓர் அட்டவணை இருக்கும். பந்து நிறுவனத்துக்காரர் யாராக இருந்தாலும் அதை வாங்கிப் படிப்பார், ஈரமான மலை மைதானத்தில் எடுத்த கணக்கு அவரிடம் இருக்காது.

பெண்பிள்ளைகளுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மகளிர் கிரிக்கெட் பந்தின் எடை 140 முதல் 151 கிராம், ஆண்களுடையது 155.9 முதல் 163. பந்து மாறியிருக்கிறது, ஆனால் காப்புகளும் கையுறைகளும் பல இடங்களில் ஆண்களின் அளவைச் சுருக்கியவைதான். உங்கள் அணியில் பத்துப் பேரின் கை அளவை எடுத்து, கடையில் கிடைக்கும் கையுறை எங்கே பொருந்தவில்லை என்று எழுதினால் அதுவே ஒரு புராஜெக்ட். ஆண்கள் யாரும் இதைச் செய்யக் காத்திருக்கவில்லை.

வேலை எங்கே

பேட், பந்து என்றால் மீரட்டும் ஜலந்தரும். 1947க்குப் பிறகு சியால்கோட்டிலிருந்து வந்த கைவினைஞர்கள் வளர்த்த தொழில். மீரட்டில் விளையாட்டுச் சாமான் தொழிலுக்காகவே மத்திய அரசின் பி.பி.டி.சி. என்ற மையம் இருக்கிறது, பயிற்சியும் உண்டு. அங்கே இந்தி இல்லாமல் தொழிற்கூடத்தில் ஒரு நாள்கூட ஓட்ட முடியாது. ஆனால் வீட்டில் படுகு, வெளியில் தமிழ், கூடலூர் பக்கம் மலையாளம் என்று வளர்ந்த பிள்ளைகளுக்கு இன்னொரு மொழி ஒரு பெரிய மலையா?

ஊரைவிட்டு அவ்வளவு தூரம் போக மனமில்லை என்றால் கீழேயே நிறைய இருக்கிறது. திருப்பூரில் விளையாட்டு உடை, செய்யாறில் ஷூ, சென்னையில் சைக்கிள். பெரிய விளையாட்டுச் சில்லறை நிறுவனங்கள் பெங்களூரில் தரக்கட்டுப்பாட்டுக்கு ஆள் எடுக்கும். ஆராய்ச்சி பிடித்தவர்கள் சென்னை ஐ.ஐ.டி.யின் விளையாட்டு அறிவியல் மையத்தையும், அங்கேயே சக்கர நாற்காலிகள் உருவாக்கும் ஆர்2டி2 மையத்தையும் பாருங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான விளையாட்டுக் கருவிகளில் செய்ய வேண்டியது மலையளவு கிடக்கிறது, செய்ய ஆள்தான் இல்லை.

தொடக்கச் சம்பளம் கார் கம்பெனியைவிட அதிகமாக இருக்கும் என்ற நினைப்பில் வராதீர்கள். இன்டர்ன்ஷிப் வாங்கித் தருகிறேன் என்று முன்பணம் கேட்பவரிடம் நிற்கவே வேண்டாம். நேரடியாக நிறுவனத்தின் தரப்பிரிவுக்கு ஒரு மின்னஞ்சல் எழுதுங்கள். ஒரு பக்கம் போதும், கூடவே உங்கள் பந்து அட்டவணை. இருபது பேருக்கு எழுதினால் இரண்டு பேர் பதில் போடுவார்கள். எனக்கு முதல் வேலை அப்படித்தான் கிடைத்தது. பதினேழாவது மின்னஞ்சல்.

சரி, குன்னூரில் கேட்ட அந்தப் பையன் இதைப் படித்தால்: தம்பி, இன்றைக்கே பேட்டைத் தராசில் வை. அப்புறம் அந்த டேப்பை உரித்துவிட்டு மறுபடி வை. இரண்டு எண்ணையும் எழுதி, எந்த இடத்தில் எத்தனை சுற்று இருந்தது என்றும் குறித்துக்கொள். பேட்டை ஒரு விரல்மேல் வைத்துச் சமநிலைப் புள்ளியைக் கண்டுபிடி, டேப்போடு ஒருமுறை, டேப் இல்லாமல் ஒருமுறை. புள்ளி எத்தனை மில்லிமீட்டர் நகர்ந்தது என்று அடுத்த தடவை பேருந்து நிலையத்தில் பார்க்கும்போது சொல்லு.